கர்ப்ப வாரத்தைக் கணிக்க நஞ்சுக்கொடியின் தடிமனா, சிறுமூளையின் அகலமா?

முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் அறிக்கை கையில் இருந்தால் விவாதத்துக்கே இடமில்லை. உச்சியிலிருந்து பிட்டம் வரையிலான நீளம் 84 மில்லிமீட்டரைத் தாண்டாத கருவை அளந்து சொல்லும் வாரத்தில் பிழை பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். காரைக்குடியில் ஸ்கேன் பார்க்கும் எனக்குச் சிக்கலாக இருப்பது அந்த அறிக்கை இல்லாமல் வருபவர்கள்தாம்: தலைப்பிரசவத்துக்காகச் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் தாய்வீடு வரும்போது பழைய காகிதங்களை அங்கேயே விட்டுவிட்டவர்கள், கல்லல் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஏழாம் மாத வாக்கில் முதன்முறையாக ஸ்கேனுக்கு வருபவர்கள்.

இவர்களுக்கு நஞ்சுக்கொடியின் தடிமன் கவர்ச்சியான அளவுகோல். தொப்புள்கொடி வந்து சேரும் இடத்தில், கர்ப்பப்பைத் தசையைச் சேர்க்காமல் செங்குத்தாக அளந்தால், மில்லிமீட்டரும் வாரமும் ஏறத்தாழ ஒரே எண்ணாக வரும். 28 மில்லிமீட்டர் என்றால் சுமார் 28 வாரம். அட்டவணை வேண்டாம், பிள்ளை எப்படிப் படுத்திருந்தாலும் பெரும்பாலும் அளந்துவிடலாம். ஆனால் நஞ்சு பின்சுவரில் ஒட்டியிருந்தால் பிள்ளையின் எலும்பு நிழல் மறைக்கும். அளக்கும் நேரத்தில் கர்ப்பப்பை இறுகினால் தடிமன் கூடித் தெரியும். சுமார் 35 வாரத்துக்குப் பிறகு வளர்ச்சியும் மட்டுப்படும்.

முதல் இரண்டையும் பொறுமையால் சமாளிக்கலாம். நான் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் சிறுமூளைக் குறுக்களவுக்கு மாறியதற்குக் காரணம் வேறு: தாயின் நோய் நஞ்சுக்கொடியின் பருமனையே மாற்றிவிடுகிறது. கட்டுப்படாத சர்க்கரையிலும் ரத்தசோகையிலும் அது தடித்துப்போகலாம், ரத்தக்கொதிப்பில் மெலிந்துபோகலாம். வாரம் சரியாகத் தெரியவேண்டிய அவசியம் அதிகம் இருப்பதும் இந்தத் தாய்மார்களுக்குத்தான். ரத்தக்கொதிப்பு ஏறிய ஒருவருக்கு நஞ்சு 27 மில்லிமீட்டர் இருக்கிறது என்பதால் 27 வாரம் என்று எழுதிவிட்டால், உண்மையில் 32 வாரமாகி வளர்ச்சி குன்றியிருக்கும் பிள்ளையை, வயதுக்கேற்ப வளரும் சின்னப் பிள்ளை என்று நம்பிவிடுவோம். 34 வாரத்துக்குள் பிரசவம் நேரலாம் என்றால் நுரையீரல் முதிர்ச்சிக்காகப் போடும் ஸ்டீராய்டு ஊசி முதல், பிள்ளையை எப்போது வெளியே எடுப்பது என்பது வரை எல்லா முடிவுகளும் அந்த ஒற்றை எண்ணைப் பற்றியே நிற்கின்றன. வயிற்றுச் சுற்றளவும் இங்கே உதவாது, ஏனென்றால் ஊட்டம் குறைந்தால் முதலில் சுருங்குவது அதுதான். சிறுமூளையோ, குறைந்த ரத்தத்தையும் மூளைக்கு முதலில் அனுப்பும் உடலின் ஏற்பாட்டால், பெருமளவு தன் வளர்ச்சியைத் தக்கவைத்துக்கொள்கிறது.

அதற்கும் வரம்புகள் உண்டு. ஏறத்தாழ 24 வாரம் வரைதான் அங்கேயும் மில்லிமீட்டரும் வாரமும் ஒத்துப்போகும். பிறகு மில்லிமீட்டர் முந்திவிடுவதால் அட்டவணை பார்த்தாக வேண்டும். கடைசி மாதத்தில் தலை இடுப்பெலும்புக்குள் இறங்கி, மண்டையோடும் கெட்டிப்பட்டுவிட்டால் சிறுமூளை தெளிவாகத் தெரியாது. வளர்ச்சிக்குறைவு மிகக் கடுமையானால் அதுவும் சிறுத்துப்போகலாம். இரட்டைக் கர்ப்பங்களில் இதை வைத்து வாரம் சொன்ன அனுபவம் எனக்குக் குறைவு. ஆகவே அங்கே இவ்வளவு உறுதியாகப் பரிந்துரைக்கமாட்டேன்.

எந்த அளவை எடுக்குமுன்னும், கூட வந்திருக்கும் ஆச்சியிடம் கேட்டுப் பார்ப்பது வீண்போகாது. மகள் கடைசியாகத் தலைக்குக் குளித்தது பழநிப் பாதயாத்திரை கிளம்பிய வாரம் என்று அவர் சொன்னால், காலண்டரைப் புரட்டித் தேதியைப் பிடித்துவிடலாம். மூன்று வாரம் வரை முன்பின்னாகக்கூடிய ஏழாம் மாத ஸ்கேனைவிட அது பல சமயம் நம்பகமானது.

இப்போது என் அறிக்கையில் சிறுமூளையையும் தொடையெலும்பையும் வைத்து வாரத்தைக் கணிக்கிறேன். நஞ்சுக்கொடியின் தடிமனைத் தனி வரியில், வாரமாக மாற்றாமல் எழுதுகிறேன். அது கணித்த வாரத்தோடு பொருந்தாவிட்டால் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் மூன்றையும் பார்க்கச் சொல்லி, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி அளக்க வரச் சொல்கிறேன்.