குடும்பத்துக்கு ஒரு சின்ன கேமரா: சோனியா, ரிக்கோவா, ஒலிம்பஸா?

வீட்டில் அன்றாடம் கையில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன கேமரா வேண்டும் என்று தேடியபோது கடைசியில் மூன்று மாடல்கள் மிஞ்சின. சோனி ஆர்எக்ஸ்100, ரிக்கோ ஜிஆர்-3, ஒலிம்பஸ் டிஜி-6. மூன்றுமே கால்சட்டைப் பையில் அடங்கும். எடையும் 240 முதல் 257 கிராம் வரைதான். நான் வாங்கியது ஒலிம்பஸ். காகிதத்தில் பார்த்தால் மூன்றில் மிகச் சிறிய சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) அதில்தான் இருக்கிறது. அப்படியும் ஏன் அதை எடுத்தேன் என்று வாங்க நினைக்கும் உறவினர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மொபைல் போதாதா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். பகல் வெளிச்சத்தில் போதும், தாராளமாகப் போதும். சிக்கல் மாலையில், ட்யூப்லைட் வெளிச்சத்தில், நிற்காமல் ஓடும் குழந்தையிடம்தான். குறைந்த வெளிச்சத்தில் மொபைல் பல ஃப்ரேம்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்துப் படமாக்குகிறது. சோபாவும் சுவரும் தெளிவாக வரும். நடுவில் கையை ஆட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையின் விரல்கள் கரைந்துபோகும். மொபைலில் ஃபிளாஷ் என்று சொல்வதும் உண்மையில் ஒரு எல்இடி விளக்குதான். கேமராவில் இருக்கும் செனான் ஃபிளாஷ் வேறு வகை. அது எரிந்து அணைவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு விநாடிக்குள். குதிக்கும் குழந்தை அந்தரத்தில் அப்படியே நிற்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு சின்ன கேமரா வாங்கலாம் என்பேன். இதோடு, ஆன்லைனில் மிகக் குறைந்த விலைக்கு வரும் ‘48 மெகாபிக்சல்’ பொம்மைக் கேமராக்களை விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் சின்ன சென்சாரின் படத்தை மென்பொருளில் பெரிதாக்கித்தான் அந்த எண்ணைக் காட்டுகிறார்கள். 4க்கு 6 அங்குலத்தில் நல்ல பிரின்ட் போட 20 லட்சம் பிக்சலுக்குக் கொஞ்சம் மேல் இருந்தாலே போதும்.

கேனனின் இக்சஸ் வரிசையையும் யோசித்தேன். 2016இல் வந்த இக்சஸ் 285 வெறும் 147 கிராம்தான், அழகான பொருள். ஆனால் அதன் லென்ஸ் எஃப் 3.6இல் தொடங்கி, முழுதாக ஜூம் செய்தால் எஃப் 7க்குப் போய்விடுகிறது. இந்த எஃப் எண் கூடக்கூட லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் குறையும். வீட்டுக்குள் அந்த ஜூம் பயன்படாது. அதனால் அங்கேயே நிறுத்திவிட்டேன்.

சரி, சோனிக்கு வருவோம். முதல் ஆர்எக்ஸ்100 வந்தது 2012இல். ஒரு அங்குல வகை சென்சாரை இவ்வளவு சின்ன உடம்புக்குள் வைத்தது அன்றைக்குப் பெரிய விஷயம். இன்றைக்கும் அதன் படங்கள் நன்றாகவே நிற்கின்றன. ஒலிம்பஸின் சென்சாரைவிட இதன் பரப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. லென்ஸ் 28-100 மில்லிமீட்டர் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் கேமரா கணக்கில்; எண் சிறிதானால் காட்சி அகலமாக வரும்), எஃப் 1.8இல் தொடங்குகிறது. ராத்திரி எட்டு மணிக்குக் கூடத்தில் எடுத்த படத்தை அருகருகே வைத்துப் பார்த்தால் சோனிதான் ஜெயிக்கும், இதில் விவாதமே இல்லை. தோல் நிறம் மாறாமல் வரும், நிழலில் புள்ளிபுள்ளியாகத் தெரியாது. இன்னொரு நல்ல விஷயமும் இருக்கிறது. மேலே எழும்பும் அதன் ஃபிளாஷை விரலால் பின்னால் சாய்த்து வெளிச்சத்தைக் கூரையில் பட்டுத் தெறிக்க விடலாம். வெள்ளைக் கூரை இருக்கும் வீட்டில், இவ்வளவு சின்ன கேமராவில் எடுத்தது என்றே நம்ப முடியாத அளவுக்கு வெளிச்சம் மென்மையாக விழும். பிற்பாடு 2019இல் வந்த ஏழாவது பதிப்பு வரை பல மாடல்கள் உண்டு, விலையும் அதற்கேற்ப ஏறும்.

ரிக்கோ ஜிஆர்-3 பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். சித்தப்பா மகனிடம் இருந்ததை ஒரு கல்யாணத்தில் வாங்கிப் பயன்படுத்தினேன், அவ்வளவுதான். சோனியுடையதைவிடவும் பெரிய ஏபிஎஸ்-சி அளவு சென்சார், 24 மெகாபிக்சல், ஜூம் இல்லாத 28 மில்லிமீட்டர் லென்ஸ். மூன்றில் படத்தரம் இதில்தான் உச்சம். ‘ஸ்நாப் ஃபோகஸ்’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒன்றரை மீட்டர், இரண்டரை மீட்டர் என்று தூரத்தை முன்கூட்டியே வைத்துவிட்டால், பட்டனை ஒரேயடியாக அழுத்தியதும் ஃபோகஸ் தேடாமல் படம் விழும். பந்தியில் சாப்பிடுகிறவர்களை எடுக்க அருமையாக இருந்தது. ஆனால் முந்தைய மாடலில் இருந்த ஃபிளாஷை இதில் எடுத்துவிட்டார்கள். ஒரு சார்ஜுக்கு 200 படங்கள்தான் என்று அவர்களே சொல்கிறார்கள். படம் எடுப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவருக்கு இது சொர்க்கம். வீட்டில் எல்லோரும் மாற்றி மாற்றிக் கையில் எடுக்கும் கேமராவாக எனக்கு இது தோன்றவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது சென்சார் அல்ல. கேமராவை ஆன் செய்ததும் லென்ஸ் வெளியே வருகிறதா, வராதா என்பதுதான். சோனியிலும் வருகிறது, ரிக்கோவிலும் வருகிறது. ஒலிம்பஸில் வராது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சின்ன கேமராக்கள் பெரும்பாலும் சாவது அந்த இடத்தில்தான். ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கும் குழாய்களை, ஒரு குட்டி மோட்டாரும் சின்னஞ்சிறு பல்சக்கரங்களும் வெளியே தள்ளி உள்ளே இழுக்கின்றன. குழாய்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி மிகக் குறைவு. அதில் ஒரு மணல் துகள் போனால் போதும், லென்ஸ் பாதியில் சிக்கிக்கொள்ளும். திரையில் கேமராவை அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்யச் சொல்லி எழுத்து வரும், அதோடு சரி. லென்ஸ் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது கேமரா கீழே விழுந்தால் இன்னும் மோசம், குழாய் சாய்ந்துவிடும். படத்தின் ஒரு ஓரம் மட்டும் எப்போதும் மங்கலாக வரும். எங்கள் வீட்டில் முன்பு இருந்த ஒரு ஜூம் கேமரா மாமல்லபுரம் கடற்கரையில் மணல் ஏறித்தான் நின்றது. சர்வீஸ் கடையில் லென்ஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை, அதே மாடலைச் செகண்ட் ஹேண்டில் வாங்கும் விலைக்குப் பக்கத்தில் வந்தது.

மணல் போகட்டும், தூசியைப் பார்ப்போம். லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது. சைக்கிள் பம்பு மாதிரிதான். அந்தக் காற்றோடு தூசியும் போய் சென்சார் மேல் உட்காரும். அப்புறம் வானத்தை எடுத்தால் எப்போதும் ஒரே இடத்தில் சாம்பல் நிறப் புள்ளி. லென்ஸைக் கழற்றும் பெரிய கேமராவில் நாமே துடைத்துவிடலாம். இவற்றில் முழுதாகப் பிரித்தால்தான் முடியும். ரிக்கோ இதற்காக சென்சாரை அதிரவைத்துத் தூசியை உதிர்க்கும் வசதி வைத்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்; ஆனாலும் பயனர்களின் புலம்பலில் தூசிக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு.

மூன்றாவது ஈரம். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு லென்ஸில் ஃபங்கஸ் பிடிப்பது தெரிந்த கதைதான். காற்றின் ஈரப்பதம் 60-70 சதவீதத்தைத் தாண்டியே நீடித்து, கேமராவும் இருட்டில் மூடிக் கிடந்தால், கண்ணாடியில் நூல் நூலாகப் பூஞ்சை படரும். தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டி வைப்பதுதான் அதற்குச் சிறந்த வளர்ப்பிடம். எந்த கேமரா வாங்கினாலும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானதும் சூடாக்கி ஈரத்தைப் போக்கிவிட்டு மறுபடி போடலாம்.

இப்போது ஒலிம்பஸ் டிஜி-6. 2019இல் வந்தது. 12 மெகாபிக்சல், 25-100 மில்லிமீட்டர் ஜூம், எஃப் 2இல் தொடங்கும் லென்ஸ். ஜூம் செய்யும்போது கண்ணாடிகள் உடம்புக்குள்ளேயே நகர்கின்றன. முன்னால் ஒரு தடித்த கண்ணாடி மூடியிருக்கிறது, வெளியே எதுவும் நீளாது. தண்ணீரில் 15 மீட்டர் ஆழம் வரை, 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும், 100 கிலோ அழுத்தினாலும் தாங்கும் என்று நிறுவனம் சொல்கிறது. 15 மீட்டர் ஆழத்துக்கு நான் போனதில்லை. கிராமத்துப் பம்புசெட் தொட்டியிலும் குற்றாலத்துச் சாரலிலும் கடலில் இடுப்பளவு தண்ணீரிலும் எந்தக் குறையும் இல்லை. மேசையிலிருந்தும் படிக்கட்டிலிருந்தும் விழுந்திருக்கிறது, இன்னும் ஓடுகிறது.

இதனால் வீட்டில் உண்மையாகவே மாறியது, கேமரா யார் கையில் இருக்கிறது என்பதுதான். ஐந்து வயதுப் பையனிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறேன். அவன் உயரத்திலிருந்து அவன் எடுக்கும் படங்களில் தாத்தாவின் முகம் எனக்குக் கிடைக்காத கோணத்தில் வருகிறது. அம்மா அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்து, “இங்க குடுடா, நீயும் போய் நில்லு” என்று வாங்கிக்கொள்வார். மொபைலின் தொடுதிரை ஈரக்கைக்குத் தடுமாறும். இதில் நிஜமான பட்டன், அழுத்தினால் படம். எங்கள் ஆல்பத்தில் இப்போது நானும் இருப்பதற்குக் காரணம் இதுதான். மாவு பிசையும் இடம், ஹோலிப் பொடி, மழை, வயல் சேறு என்று முன்பெல்லாம் கேமராவை உள்ளே வைத்த தருணங்களில்தான் இப்போது வெளியே எடுக்கிறோம்.

‘ப்ரோ கேப்சர்’ வசதியையும் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்காகவே சொல்ல வேண்டும். பட்டனைப் பாதி அழுத்தி வைத்துக் காத்திருந்தால், முழுதாக அழுத்துவதற்கு அரை விநாடி முன்பிருந்தே படங்கள் சேமிக்கப்படும். மெழுகுவர்த்தியை ஊதும் அந்த நொடி நம் விரல் வேகத்துக்குக் கிடைக்காது, இதில் கிடைக்கிறது.

பராமரிப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். பேட்டரிக்கு ஒரு கதவு, கேபிளுக்கு ஒரு கதவு, இரண்டிலும் ரப்பர் சீல். அதில் ஒரு தலைமுடி மாட்டியிருந்தாலும் தண்ணீர் உள்ளே போகும். தண்ணீருக்குள் இறங்கும் முன் சீலை வெளிச்சத்தில் பார்த்துத் துடைக்க வேண்டும், இரண்டு பூட்டும் விழுந்ததா என்று தள்ளிப் பார்க்க வேண்டும். கடலுக்குப் போய் வந்தால் கதவைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, காய்ந்த பிறகே திறக்க வேண்டும். சீலை வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது கையேடு. தண்ணீரில் நழுவினால் இது மூழ்கிவிடும், மிதக்கும் கைப்பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இவையெல்லாம் நம் கையில் இருக்கும் வேலைகள். லென்ஸ் குழாய்க்குள் போன மணலை நாம் ஒன்றும் செய்ய முடியாது.

இழப்பது என்ன? வெளிச்சம் குறைந்தால் படம் சீக்கிரம் சொரசொரப்பாகிறது. வெளிச்சத்துக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணின் உச்சவரம்பை 1600இல் நிறுத்திவிட்டு, அதற்கு மேல் தேவைப்பட்டால் ஃபிளாஷைப் போட்டுக்கொள்கிறேன். அந்த ஃபிளாஷ் சின்னது. ஒரு அறைக்குப் போதும், கல்யாண மண்டபத்துக்குப் போதாது. முகம் மட்டும் தெளிவாகவும் பின்னணி கரைந்தும் இருக்கும் படம் இதில் வராது. மண்டபத்தில் நெருங்கிப் போகாமல் ஜூம் செய்தால் எஃப் 4.9. முதல் ஆர்எக்ஸ்100இலும் ஜூம் முடிவில் அதே 4.9தான், ஆனால் பெரிய சென்சார் அதைத் தாங்கிக்கொள்கிறது. வீட்டில் சின்னக் குழந்தைகள் இல்லை, கடற்கரைக்கும் அதிகம் போவதில்லை, ராத்திரி விசேஷங்களே அதிகம் என்றால் தயங்காமல் சோனியை எடுங்கள். அதன் என்பி-பிஎக்ஸ்1 பேட்டரி சோனியின் வேறு பல கேமராக்களிலும் பயன்படுவதால் சுலபமாகக் கிடைக்கும்.

வாங்குவதில் ஒரு விவரம். ஒலிம்பஸின் கேமரா தொழில் 2021 ஜனவரியில் தனி நிறுவனமாகப் பிரிந்தது. 2023இல் வந்த டிஜி-7 ‘ஓஎம் சிஸ்டம்’ என்ற பெயரில்தான் இருக்கிறது. சென்சாரும் லென்ஸும் கிட்டத்தட்ட அதேதான், பேட்டரியும் அதே எல்ஐ-92பி. பெரிய வித்தியாசம், பழைய மைக்ரோ யூஎஸ்பிக்குப் பதில் டைப்-சி. புதிதாக வாங்குவதென்றால் டிஜி-7ஐயே எடுக்கலாம். செகண்ட் ஹேண்டில் டிஜி-6 எடுப்பவர்கள் மூன்றைப் பாருங்கள்: இரண்டு கதவுகளின் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா, பேட்டரி அறையின் உலோக முனைகளில் பச்சையாக உப்புக் கறை தெரிகிறதா, வெளியே வெப்பத்தில் சிறிது நேரம் வைத்துவிட்டு ஏசி அறைக்குக் கொண்டுவந்தால் முன் கண்ணாடியின் உட்பக்கம் பனி படர்கிறதா. கடைசிச் சோதனையில் உள்ளே மூட்டம் தெரிந்தால் ஈரம் ஏற்கெனவே உள்ளே புகுந்திருக்கலாம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். சோனி பழையதாக வாங்கினால், விற்பவர் முன்னாலேயே பலமுறை அணைத்து ஆன் செய்து லென்ஸ் வரும் சத்தத்தைக் கேளுங்கள். நறநறவென்ற ஒலி துளி வந்தாலும் அதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.