ஹாட்ஸ்பாட்டா, கேபிளா, டாங்கிளா, ரவுட்டரா? லேப்டாப்பில் அறுந்து அறுந்து வரும் மொபைல் நெட்டுக்கு எது சரி

மொபைல் நெட்டை நம்பி லேப்டாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு என்றாவது ஒருநாள் இந்த யோசனை வந்தே தீரும்: “பேசாம ஒரு டாங்கிள் வாங்கிப் போட்டுடலாமா?” டாங்கிள் என்பது சிம் போட்டு லேப்டாப்பின் யூஎஸ்பி போர்ட்டில் செருகும் குட்டி மோடம். வாங்கினால் சில வீடுகளில் பிரச்சினை தீர்கிறது, பல வீடுகளில் தீர்வதில்லை. லேப்டாப்புக்கு நெட் இரண்டு கட்டமாக வந்து சேர்வதுதான் காரணம். டவரிலிருந்து போன்வரை ஒரு கட்டம், போனிலிருந்து லேப்டாப்வரை இன்னொன்று. எந்தக் கட்டம் அறுகிறது என்று பார்க்காமல் கருவி வாங்குவது, கிணறு வற்றிக் கிடக்கும்போது புதுக் கயிறு வாங்குகிற வேலை.

அதனால் ஒப்பீட்டுக்கு முன்னால் ஒரு சோதனை. விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) கட்டளையைக் கொடுங்கள். ‘டீஃபால்ட் கேட்வே’ என்ற வரியில் ஒரு எண் இருக்கும், அதுதான் லேப்டாப்புக்கு உங்கள் போனின் முகவரி. ஐபோன் ஹாட்ஸ்பாட் என்றால் அது 172.20.10.1, ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் மாறும். இப்போது இரண்டு விண்டோக்களை அக்கம்பக்கமாகத் திறந்து, ஒன்றில் அந்த எண்ணுக்கும் மற்றதில் 8.8.8.8க்கும் (வெளியே இருக்கும் கூகுள் சர்வர்) பிங் (ping) ஓடவிடுங்கள்; எதிர்முனை பதில் சொல்கிறதா, எவ்வளவு நேரத்தில் சொல்கிறது என்று பார்க்கும் கட்டளை இது. கடைசியில் ‘மைனஸ் டி’ (-t) சேர்த்தால் நீங்களாக நிறுத்தும்வரை ஓடிக்கொண்டிருக்கும். நெட் அறுகிற நேரத்தில் இரண்டையும் பாருங்கள். கேட்வே பக்கமும் சேர்ந்து திணறினால் கோளாறு உங்கள் மேஜையில், அதாவது போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில். கேட்வே சில மில்லிசெகண்டில் ஒழுங்காகப் பதில் சொல்லி, 8.8.8.8 மட்டும் ‘டைம்டு அவுட்’ என்று வந்தால் கோளாறு டவர் பக்கம்.

இனி, கையில் இருக்கும் வழிகள் ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தை மாற்றுகிறது என்று பார்ப்போம்.

வைஃபை ஹாட்ஸ்பாட்டும் யூஎஸ்பி டெதரிங்கும்

போனின் நெட்டை வைஃபை வழியாக லேப்டாப்புக்குக் கொடுப்பது ஹாட்ஸ்பாட், கேபிள் வழியாகக் கொடுப்பது யூஎஸ்பி டெதரிங். இரண்டுக்கும் காசு கிடையாது. போனும் அதேதான், சிம்மும் அதேதான். ஆனால் வைஃபை ஹாட்ஸ்பாட்டில் முதல் சந்தேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மேல். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அடுக்குமாடியில் பத்து வீட்டு ரவுட்டர்களும் அதற்குள்ளேதான் நெரிகின்றன. உங்கள் புளூடூத் ஹெட்செட்டும் அதே இடத்தில்தான் பேசுகிறது. யூஎஸ்பி 3.0 வெளி ஹார்ட் டிஸ்க்கும் அதன் கேபிளும்கூட இந்த அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை விளக்கி ஓர் அறிக்கை போட்டது. ஹாட்ஸ்பாட் அமைப்பில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் பாதிப் பேருக்கு அத்தோடு தொல்லை தீரும் என்பது என் எண்ணம். லேப்டாப் பழையதாக இருந்தால் ஹாட்ஸ்பாட்டின் பெயரே வைஃபை பட்டியலில் தெரியாது, அது வேறு கதை. ஐபோனில் ‘மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிளிட்டி’யைப் போட்டு வைத்திருந்தால் அது 2.4க்கே இறங்கிவிடும்.

யூஎஸ்பி கேபிள் இந்தச் சள்ளை எல்லாவற்றையும் ஒரே வீச்சில் தாண்டிவிடுகிறது. சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிளாக இல்லாமல் டேட்டா கேபிளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு என்றால் விண்டோஸ் அதை ஒரு நெட்வொர்க் கார்டாகவே எடுத்துக்கொள்ளும். ஐபோனுக்கு ஆப்பிளின் மென்பொருள் போட வேண்டியிருக்கும். கேபிளுக்கும் குறை உண்டு. சார்ஜும் ஏறி, 5ஜியும் ஓடி, பக்கத்தில் லேப்டாப்பின் சூடும் சேர்ந்தால், சித்திரை வெயிலில் போன் கொதித்துப்போய்த் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கவரைக் கழற்றி மின்விசிறிக் காற்று படுகிற இடத்தில் வையுங்கள். இன்னொரு குறை பெரியது: கேபிள் நீளம்தான் போனின் எல்லை. சிக்னல் ஜன்னலில் இருக்க, மேஜை நடு அறையில் இருந்தால், கேபிளால் ஒன்றும் செய்ய முடியாது.

புளூடூத் டெதரிங் என்று ஒன்றும் இருக்கிறது. மெயில் பார்க்கப் போதும். வீடியோ மீட்டிங்குக்குப் பக்கத்திலேயே வராது.

கேபிள் போட்டும் அறுகிறதா? கருவி மாற்றுவதற்கு முன் போனுக்குள்ளேயே பார்க்க வேண்டியது கொஞ்சம் உண்டு. இரண்டு சிம் போனில் ஒரு சிம்மில் நெட் ஓடும்போது இன்னொன்றுக்கு அழைப்பு வந்தால், பேசி முடிக்கும்வரை பல போன்களில் நெட் நின்றுவிடும். 4ஜியிலேயே பேச வைக்கும் ‘வோல்ட்டி’ வசதி அணைந்திருந்தால், அதே சிம்முக்கு வரும் அழைப்பும் போனை 4ஜியிலிருந்து கீழே இழுத்துவிடும். “யாராவது கூப்பிட்டா மட்டும் மீட்டிங் கட் ஆகுது” என்பவர்கள் இந்த இரண்டையும் முதலில் பார்க்கலாம். 5ஜியின் விளிம்பில் இருக்கும் வீடுகளில் போன் 5ஜிக்கும் 4ஜிக்குமாகத் தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலிலும் ஒரு சிறு தடங்கல். வேலை நேரத்தில் 4ஜியிலேயே நிறுத்தி வைத்துப் பாருங்கள். வேகம் குறையும், ஆனால் அறுபடாது. வேலைக்கு வேண்டியது அதுதான். தினசரி டேட்டா தீர்ந்து 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கியதைக் கோளாறு என்று நினைத்துக்கொள்வதும் உண்டு. விண்டோஸில் அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ (அளவோடு செலவழிக்க வேண்டியது) ஆக்கினால் அப்டேட்டுகள் அள்ளிக்கொண்டு போவது குறையும்.

டாங்கிள்

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை; காரணங்களைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய 3ஜி டாங்கிள் பெரும்பாலும் இனி எதற்கும் ஆகாது. ஜியோவுக்கு 3ஜி எப்போதுமே இருந்ததில்லை, ஏர்டெல் 2020இல் தன் 3ஜியை மூடிவிட்டது. 4ஜி டாங்கிள் வேலை செய்யும். ஆனால் அது குடிக்கும் மின்சாரம் லேப்டாப்பின் போர்ட்டிலிருந்துதான் வர வேண்டும், யூஎஸ்பி 2.0 போர்ட்டின் கணக்கு 500 மில்லிஆம்பியர். சிக்னல் எவ்வளவு மோசமோ அவ்வளவு பலமாக டாங்கிள் கத்த வேண்டியிருக்கும், அப்போதுதான் மின்சாரமும் கூடுதலாகத் தேவைப்படும். ஜன்னல்வரை எட்டட்டும் என்று ஒல்லியான எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டால் மின்னழுத்தம் குறைந்து டாங்கிளே விழுந்து எழுந்திருக்கும். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ஹப்பின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதிக்குப் போய், மின்சாரம் மிச்சம் பிடிக்க அதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். புதிதாக வாங்க வேண்டாம். வெளி ஆன்டெனா மாட்ட ஓட்டை உள்ள மாடல் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

பாக்கெட் ரவுட்டரும் சிம் போடும் வீட்டு ரவுட்டரும்

இவை மேஜையை விட்டு நகரக்கூடியவை. டவர் பக்கக் கோளாறுக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே இவை போட்டியில் முன்னே நிற்கின்றன. கான்கிரீட் கூரைக்குள் 2300 மெகாஹெர்ட்ஸ் அலை சிரமப்பட்டு நுழையும். 850, 900 போன்றவை சுவரைத் தாண்டி வரும், ஆனால் அவற்றில் இடம் குறைவு. கருவியை ஜன்னலுக்கோ மாடிப்படித் தலைமாட்டுக்கோ கொண்டுபோனாலே கதை மாறிவிடும். எவ்வளவு மாறுகிறது என்பதைக் கோடுகளை வைத்து எடை போடாதீர்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் ‘அபௌட் போன்’ பகுதிக்குள் சிம் நிலவரத்தில் சிக்னலின் பலம் டிபிஎம் என்ற அலகில் மைனஸ் எண்ணாக இருக்கும்; பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 90க்கு மேல் நல்லது, மைனஸ் 110க்குக் கீழே போனால் தவிப்பு. போனைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து, எண் எங்கே நன்றாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, பிறகு கடைக்குப் போங்கள்.

பாக்கெட் ரவுட்டர் கைக்கு அடக்கம்; ஆனால் மலிவானவற்றில் இருப்பது பெரும்பாலும் ‘கேட்டகிரி 4’ மோடம்தான், ஏட்டளவில் 150 எம்பிபிஎஸ். ஒரு நேரத்தில் ஒரே அலைவரிசையைத்தான் பிடிக்கும். நடுத்தர விலைப் போன்களே இரண்டு மூன்றைச் சேர்த்துப் பிடிக்கின்றன. அதனால் போனைவிட ரவுட்டர் மெதுவாக ஓடினால் அதிசயமில்லை. லேப்டாப்வரை வருவதும் பழையபடி வைஃபைதான், அதுவும் பலவற்றில் 2.4 மட்டும். இரவு பகல் சார்ஜரிலேயே கிடந்தால் பேட்டரி உப்பிவிடும்.

சிம் போடும் வீட்டு ரவுட்டரில் லேன் போர்ட் இருக்கிறது. மாடியில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் அதை வைத்து, லேன் கேபிளை லேப்டாப்வரை இறக்கினால் இரண்டு கட்டங்களும் ஒரே நேரத்தில் சீராகும். லேன் கேபிள் 100 மீட்டர்வரை தாங்கும். வீட்டிலிருந்தே முழுநேர வேலை பார்ப்பவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். செலவு சில ஆயிரம் ஆகும். மின்வெட்டில் ரவுட்டர் அணையாமல் இருக்க ஒரு குட்டி யூபிஎஸ்ஸும் வேண்டும். 2023இல் ஏர்டெலும் ஜியோவும் கொண்டுவந்த ஏர்ஃபைபரும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்: 5ஜி சிக்னலைப் பிடிக்கும் ரவுட்டரை அவர்களே தருகிறார்கள். உங்கள் தெருவில் கிடைத்தால் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆன்லைனில் விற்கும் ‘சிக்னல் பூஸ்டர்’ பக்கம் மட்டும் போகாதீர்கள். அனுமதி இல்லாமல் அதை மாட்டுவது சட்டவிரோதம். பக்கத்து வீட்டுக்காரர்களின் சிக்னலையும் கெடுக்கும்.

இதில் எதுவுமே தீர்க்காத ஒன்று உண்டு. விடிகாலையில் பிங் 40 மில்லிசெகண்ட். ராத்திரி எட்டு மணிக்கு 400. டிபிஎம் எண் மட்டும் மாறவே இல்லை. இது டவரில் கூட்டம். எத்தனை ஆன்டெனா வைத்தாலும் வரிசை நகராது. வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றை யாரிடமாவது வாங்கி, அதே இடத்தில், அதே ராத்திரி நேரத்தில் போட்டுப் பாருங்கள். அது நன்றாக ஓடினால் உங்கள் செலவு ஒரு ரீசார்ஜோடு முடிந்தது.

இரண்டு பிங்கும் சுத்தமாக ஓடிக்கொண்டிருக்க, ஆபீஸ் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு) மட்டும் அறுகிறதென்றால் மேலே சொன்ன கருவிகளில் எதையும் தொட வேண்டாம். மொபைல் நெட்வொர்க்கில் பொதுவாக ஒரே ஐபி முகவரியைப் பலர் பங்கிட்டுக்கொள்கிறார்கள்; சும்மா கிடக்கும் இணைப்பை நெட்வொர்க் சீக்கிரமே கத்தரித்துவிடும். சில தளங்கள் திறந்து, சில பாதியில் நின்றால் எம்டியூ, அதாவது ஒரே பொட்டலமாக அனுப்பும் டேட்டாவின் உச்ச அளவு, பெரிதாக இருக்கலாம். ஆபீஸ் ஐடி ஆட்களிடம் ‘கீப்அலைவ்’ (இணைப்பு உயிரோடு இருக்க அவ்வப்போது அனுப்பும் சின்னத் தகவல்) இடைவெளி நேரத்தைக் குறைக்கவும் எம்டியூவை 1400க்கு இறக்கவும் சொல்லுங்கள்.