பெதுவின் கூடாரமா, மங்கோலியக் கெர்ரா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பள்ளி மாணவர் சிலர், அகதிகளுக்கான குடில் மாதிரியொன்றை அறிவியல் விழாவுக்குச் செய்ய முனைந்து, அரபுப் பாலைவன நாடோடிகளான பெதுவின் மக்களின் கூடாரம், மங்கோலிய நாடோடிகளின் வட்டக் கூடாரமான கெர் ஆகிய இவ்விரண்டுள் எதைப் பின்பற்றுவது என்று தடுமாறுகிறார்கள்.

வெப்பம்: பெதுவின் மக்களின் கூடாரம் ஆட்டு மயிரால் நெய்யப்பட்டது. அதன் கறுப்பு நிறம் வெயிலை ஈர்த்தாலும், தளர்ந்த நெசவின் வழியே சூடான காற்று வெளியேறுவதோடு, உள்ளே அடர்ந்த நிழலும் கிடைக்கிறது; மழை பட்டாலோ இழைகள் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்கின்றன. கெர்ரின் கம்பளிப் போர்வை முதன்மையாகக் குளிருக்கானது; எனினும் கோடையில் அதன் அடிப்பகுதியைச் சுருட்டிவிட்டால், கூரை வளையத்தின் வழியே வெப்பக் காற்று மேலெழுந்து செல்லும்.

உறுதி: கெர்ரின் வட்ட வடிவமும் பின்னல் மரச் சட்டமும் புல்வெளிக் காற்றைத் தாங்கும். பெதுவின் கூடாரம் தாழ்வாக, கயிற்றின் இழுவிசையால் நிற்கிறது.

செலவும் எளிமையும்: பெதுவின் கூடாரத்துக்குக் கம்பமும் கயிறும் துணியும் போதும், கெர்ருக்குத் தேர்ந்த தச்சர் வேண்டும்.

ஜோர்டானில் 2012-இல் திறக்கப்பட்ட ஸாத்தாரி அகதி முகாம் போன்ற வறண்ட நிலத்துக்குப் பெதுவின் முறையே பொருந்தும். அங்கும் குளிர்காலம் வாட்டுவதால் கெர்ரைப் போலக் கம்பளி அடுக்கொன்றை உள்ளே சேர்த்துக்கொள்ளலாம். கடுங்குளிர் நாடுகளுக்குக் கெர்தான்.

நம் தோட்டப்புற ஈரத்தில் கம்பளி பூசணம் பிடித்துவிடும் (அடைமழை மாதத்தில் லயத்து வீட்டுத் தலையணையே நாறுகிறதே!). இங்கே செய்வதாயின், தார்ப்பாயை இரண்டு அடுக்காக, இடையே ஒரு சாண் காற்றோட்டம் விட்டு, பெதுவின் பாணியில் இழுத்துக் கட்டி, தரையைப் பலகையால் உயர்த்துவதே தகும்.