துரையா, ஐயாவா?

தேயிலைத் தோட்ட முகாமையாளருக்குக் கடிதம் எழுத உட்காரும் இலங்கை மலையக இளைஞர்கள் பலர், ‘துரை’ என்பதா ‘ஐயா’ என்பதா என்று தடுமாறுகிறார்கள்.

யாருக்கு: ‘துரை’ பதவிக்குரியது; பெரிய துரை முகாமையாளர், சின்ன துரை அவருடைய உதவியாளர். ‘ஐயா’ கிளாக்கருக்கும் ஆசிரியருக்கும் முதியவருக்கும் பொருந்தும்.

பெண்பால்: துரையின் மனைவி ‘துரைசாணி’, ‘ஐயா’வுக்கு இணை ‘அம்மா’. பெண்ணே முகாமையாளராக வந்தால், ‘துரைசாணி’ என்பது அவரை யாருக்கோ மனைவியாக்கிவிடும்.

நிலைப்பு: வெள்ளைக்காரர் காலத்தில் வேரூன்றிய ‘துரை’, 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியாரிடம் போன பின்னரும், காலையில் தொழிலாளருக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துப் பேச்சிலிருந்து உதிரவில்லை. ‘ஐயா’வோ தோட்டத்துக்கு வெளியேயும் செல்லும்.

கடிதத்தில் ‘ஐயா’வே தகும். பேச்சில் மூத்தவர்கள் பழகிய ‘துரை’யைத் திருத்த வேண்டியதில்லை, பணிவைக் காட்ட இளையவர்கள் அதை எடுத்துக்கொள்வது மட்டும் எனக்கு உவப்பாக இல்லை.