அறுவடை வண்டி ஆப்பும் மூன்று வருஷப் பயனர் ஆய்வும்: என் அனுபவம்

நீடாமங்கலம் பக்கம் கதிர் அறுக்கும் வண்டியை முன்பதிவு செய்ய ஒரு சின்ன ஆப் செய்துகொண்டிருக்கிறோம், நானும் இரண்டு நண்பர்களும். ஆட்களைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் கோடிங்கில் கை வைப்பது என்று மூன்று வருஷமாக வேலை செய்கிறோம். அதில் எது உதவியது, எங்கே சறுக்கினோம் என்று எழுதுகிறேன்.

முதலில் கேள்வியே தப்பு. "இப்படி ஒரு ஆப் வந்தா பயன்படுத்துவீங்களா?" என்று கேட்டோம். எல்லாரும் "நல்லா இருக்கும் தம்பி, கொண்டு வாங்க" என்றார்கள். வீடு தேடி வந்த பிள்ளை முகம் வாடக்கூடாது என்று சொன்ன பதில் அது, அதை நம்பி எதுவும் செய்ய முடியாது. அப்புறம், போன சம்பா அறுப்புக்கு முதல் போன் யாருக்குப் போட்டீங்க, எத்தனை நாள் காத்திருந்தீங்க என்று நடந்ததை மட்டும் கேட்க ஆரம்பித்தோம்.

தை மாசம் ஒரு பெரியவரோடு வரப்பில் நின்றபடி, அட்டையில் பேனாவால் வரைந்த திரைகளைக் காட்டினேன். 'ஏக்கர்' என்ற கட்டத்தில் அவர் "5 மா" என்று எழுதினார். இங்கே 3 மா சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர், அதுகூடத் தோன்றவில்லை எனக்கு. தேதி கேட்கும் திரை வந்ததும் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "தேதி நம்ம கையிலயா இருக்கு? முன் வயல் அறுத்தாத்தானே வண்டி உள்ள வரும்?" அவர் வயலுக்குத் தனிப் பாதை கிடையாது, முன்னால் இருக்கும் மூன்று பேர் வயல் வழியாகத்தான் பெல்ட் வண்டி (சக்கரத்துக்குப் பதிலாக பெல்ட்டில் ஓடும் அறுவடை வண்டி) இறங்க வேண்டும். ஆளுக்கொரு பதிவு என்று நாங்கள் போட்டிருந்த அடிப்படையே அன்றைக்கு விழுந்தது. இப்போது வயல்கள் சேர்ந்த தொகுப்புக்குத்தான் பதிவு. இதை ஆபீஸில் உட்கார்ந்து நாங்கள் கண்டுபிடித்திருக்கவே மாட்டோம்.

ஐந்து பேரிடம் சோதித்தாலே பயன்பாட்டுக் குறைகளில் சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார், அந்தக் கணக்கைத்தான் நாங்களும் பிடித்துக்கொண்டோம். ஆனால் அந்த ஐந்து பேரும் ஒரே வகைப் பயனராக இருந்தால்தான் அது செல்லும், வகை மாறினால் ஒவ்வொரு வகையிலும் சிலரைப் பார்க்க வேண்டும் என்று அவரே சொல்கிறார். நாங்கள் பார்த்த ஐந்து பேரும் நிலச் சொந்தக்காரர்கள். குத்தகைக்காரர், தரகர், வண்டி ஓட்டுநர் யாருமே இல்லை. பிறகு பார்த்த ஓட்டுநர் முதலில் கேட்டதே, வாய்க்கால் பாலம் வண்டியைத் தாங்குமா என்றுதான்.

இந்த முறையில் பெரிய கஷ்டம் காலம். அறுப்பு போனால் அடுத்த போகம் வரை காத்திருக்கணும். 2024இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12க்குத் திறக்காமல் ஜூலை 28இல்தான் திறந்தது. ஆற்றுத் தண்ணீரை நம்பியிருந்த பலர் குறுவையை விட்டுவிட, எங்களுக்கும் சோதிக்க ஆள் குறைந்துபோனது.

எனக்கு இன்னும் உறுத்துவது வேறு. இரண்டு வருஷம் ஆண்களிடமே பேசினோம். மூன்றாவது வருஷம் ஒரு வீட்டில் வாடகைக் கணக்கு கேட்டபோது, அந்த அக்கா உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தார். வாடகை மணிக் கணக்கு என்பதால் வண்டி இறங்கிய நேரம், ஏறிய நேரம் இரண்டையும் எழுதியிருந்தார். என் அட்டையிலும் அந்த இரண்டு கட்டம் இருந்தது. அவர் பேனாவை வாங்கி நடுவில் ஒரு கோடு போட்டு, "நின்ன நேரம்" என்று எழுதினார். பெல்ட் கழன்று முக்கால் மணி நின்றதற்கும் பணம் கேட்டார்களாம். அந்தக் கட்டம் இப்போது ஆப்பில் அதே பெயரில் இருக்கிறது.