கையில் ஒரு கம்பி, 34 பக்க ரிப்போர்ட், 18,600 ரூபாய்

கல்யாண மண்டபத்தில் "இலவச முழு உடல் பரிசோதனை" என்று யாராவது கூப்பிட்டால் வீட்டுப் பெரியவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். எங்கள் அப்பா போனார்.

கூட்டிப் போனவர் அப்பாவோடு ஒரே டிப்போவில் இருபது வருடம் வண்டி ஓட்டியவர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஓய்வுக்குப் பிறகு ஆள் சேர்க்கும் வியாபாரம் ஒன்றில் இறங்கியிருக்கிறார்.

பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதில்லை. ஒரு லேப்டாப், அதிலிருந்து ஒயரில் தொங்கும் கம்பி. உள்ளங்கையில் ஒரு நிமிடம் பிடித்தால் பிரிண்டர் 34 பக்கம் துப்புகிறது. ஈரல், எலும்பு, செலினியம் என்று எல்லாவற்றுக்கும் ஓர் எண், பக்கத்தில் ஒரு சிவப்புக் கட்டம். மூன்று வருடத்துக்கு முன்பு அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. பிறகு நானே போய்ப் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை பிடித்துப் பார்த்தேன். முதல் முறை எலும்பு தேய்ந்திருந்தது, இரண்டாம் முறை தேறிவிட்டது!

மூன்று மாதத்துக்கான "தடுப்பு பேக்கேஜ்" 18,600 ரூபாய். நினைவாற்றலுக்கு ஜிங்கோ என்ற மர இலைச் சாறு, புற்றுநோய் வராமலிருக்க பீட்டா கரோட்டின், எல்லாவற்றுக்கும் மிளகுச்சத்து சேர்த்த மஞ்சள் சாறு கேப்சூல். பென்ஷன் வந்த வாரத்திலேயே பணம் போய்விட்டது.

ஏழாவது வாரம் அப்பாவுக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்றார். "இல்லீங்க" என்றார் அப்பா. அவர் பொய் சொல்லவில்லை. "இது மருந்தில்லை அண்ணே, உணவு" என்று அவரிடம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அம்மாதான் பையிலிருந்து பாட்டில்களை எடுத்து மேசையில் வைத்தார். ஈரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எண்ணான எஸ்ஜிபிடி, நாற்பதுக்குள் இருக்க வேண்டியது, 460. மஞ்சள் காமாலைக் கிருமிக்கான சோதனைகளில் ஒன்றும் இல்லை. அந்த மஞ்சள் கேப்சூலின் மேல்தான் டாக்டருக்குச் சந்தேகம். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். அந்த எண் இறங்க ஆறு வாரம் ஆனது.

குழம்பில் போடுகிற மஞ்சள் என்ன செய்துவிடும் என்று நானும்தான் நினைத்தேன். குழம்பு மஞ்சள் உடம்பில் அவ்வளவாக ஏறுவதே இல்லை. ஏற வைப்பதற்காகத்தான் மிளகுச்சத்து. அவர்கள் துண்டுப்பிரசுரத்தில் "2000% அதிக பலன்: மருத்துவ ஆய்வு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஆய்வு உண்மைதான். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் செய்தது. ஆரோக்கியமானவர்களுக்கு 2 கிராம் குர்குமினோடு (மஞ்சளில் இருக்கும் சத்து) 20 மில்லிகிராம் பைப்பரின் (அந்த மிளகுச்சத்து) கொடுத்து, உடம்பு எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தார்கள். உறிஞ்சியது இருபது மடங்கு. தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு நோயையும் அது தடுத்ததாக அந்த ஆய்வில் இல்லை. "உறிஞ்சுதல்" என்ற சொல்லை எடுத்துவிட்டுப் "பலன்" என்று வைத்தவன் கெட்டிக்காரன்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது பீட்டா கரோட்டின்தான். அப்பா முப்பது வருடம் பீடி குடித்தவர். பீட்டா கரோட்டின் இருக்கும் காரட் மாதிரியான காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று முன்பு கவனித்திருந்தார்கள். அதை நம்பி பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களை வைத்துப் பெரிய ஆய்வு நடந்தது. 1994இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல். அமெரிக்காவில் புகைபிடிப்பவர்கள், விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸில் வேலை பார்த்தவர்கள் என்று 18,314 பேரை வைத்து பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏவும் கொடுத்த ஆய்வை 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள். அங்கே 28 சதவீதம் கூடுதல். இதையெல்லாம் கண்டுபிடித்து முப்பது வருடம் ஆகிறது. அந்த மண்டபத்தில் ஒருவர்கூட அப்பாவிடம் "பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?" என்று கேட்கவில்லை.

ஜிங்கோவும் இதே கதை. 3,069 முதியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2008இலேயே வந்துவிட்டது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற அப்பாவுக்கு அதைக் கொடுத்ததற்கு டாக்டர் தனியாகத் திட்டினார்.

பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று இருக்கிறது. சட்டப்படி போட்டே ஆக வேண்டிய வரி. அதைத்தான் முதலில் தேடிப் பாருங்கள். கீழே இருக்கும் 14 இலக்க உணவு உரிம எண்ணைக் காட்டி "அரசாங்கமே ஒப்புக்கொண்ட மருந்து" என்பார்கள். அது உணவுப் பொருள் தயாரிக்கவும் விற்கவும் உரிமம், அவ்வளவுதான். சர்க்கரை, புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்தும், தடுக்கும் என்று மருந்து விளம்பரம் செய்வதற்கு 1954ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தடை உண்டு. அதனால்தான் எதையும் ரசீதில் எழுதாமல் வாயாலேயே சொல்கிறார்கள்.

பணம்? சீல் உடைத்த பாட்டிலுக்குக் கிடையாதாம். உடைக்காதவற்றுக்கு "பாயின்ட்" தருவார்களாம், அதில் வேறு டப்பா வாங்கிக்கொள்ளலாமாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். ரிப்போர்ட், துண்டுப்பிரசுரம், ரசீது மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மாமாவிடம் பேசினேன். "உள்ளே இருக்கிற நச்சு வெளியே வருது தம்பி, அப்படித்தான் இருக்கும். நிறுத்தாம இருந்திருக்கணும்" என்றார். அவரும் அதே கேப்சூலைத்தான் சாப்பிடுகிறார், காசு கொடுத்து வாங்கி. எஸ்ஜிபிடி பார்த்துக்கொள்ளுங்கள் மாமா என்றேன், போனை வைத்துவிட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பைபாஸ் பக்கம் வேறொரு மண்டபத்தில் அடுத்த முகாம் வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற டிரைவர், கண்டக்டர்கள் வாட்ஸ்அப் குழுவில் அழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கீழேயே அப்பா தன் ரத்தப் பரிசோதனைத் தாளைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்.