சென்னை வெயிலில் புதிய கொய்மலர் ரகங்கள்: சில ஆண்டுச் சோதனையின் அனுபவம்

திருப்போரூருக்கு அருகே, மணல் கலந்த சிறிய நிலத்தில் கொய்மலர்களை, அதாவது தண்டோடு வெட்டி விற்கும் பூக்களைப் பயிரிட்டு, சென்னையில் பொக்கே கட்டுபவர்களுக்கும் மேடை அலங்காரம் செய்பவர்களுக்கும் கொடுத்து வருகிறேன். ரோஜா, ஜெர்பரா, கார்னேஷன் எல்லாம் ஓசூரிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் கோயம்பேட்டுக்கு வந்து இறங்குகின்றன. அவற்றோடு போட்டி போட இந்த வெப்பத்தில் வழியில்லை. சூரியகாந்தி, ஜினியா, கோழிக்கொண்டை, வாடாமல்லி போன்ற, ஒரே பருவத்தில் விதைத்துப் பூத்து முடிந்துவிடும் செடிகள்தாம் என் பிழைப்பு. இவற்றில் ஆண்டுதோறும் புதிய ரகங்கள் வருகின்றன. எதை ஏற்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய ஒரு சோதனைப் பாத்தியைத் தனியே ஒதுக்கிச் சில ஆண்டுகளாக நடத்தியதில் தெரிந்தவற்றை இங்கே பகிர்கிறேன்.

மதிப்பிடும் முறையை அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொண்டேன். அங்கே உள்ள சிறப்புக் கொய்மலர் விவசாயிகள் சங்கம், விதை நிறுவனங்கள் வெளியிடும் புதிய ரகங்களைத் தன் உறுப்பினர்களின் தோட்டங்களிலேயே வளர்க்கச் செய்து மதிப்பெண் பெறுகிறது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் அவற்றைத் தொகுக்கிறது. செடிக்கு எத்தனை தண்டு கிடைத்தது, தண்டின் நீளம் என்ன, மொத்த வியாபாரியும் பூக்கடைக்காரரும் நுகர்வோரும் எப்படி வரவேற்றார்கள், வளர்ப்பது எளிதா, மறுபடியும் வளர்ப்பீர்களா என்று கேட்டு, கருத்துக் கேள்விகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் இடச் சொல்கிறார்கள். பரிசோதனைக் கூடத்தின் தீர்ப்பாக இல்லாமல், விற்றுப் பிழைப்பவனின் தீர்ப்பாக இருப்பதால் அந்தப் படிவம் எனக்குப் பிடித்தது. ஆனால் படிவம் கப்பலேறி வரலாம். அதில் நிரப்பப்பட்ட மதிப்பெண்கள் வர மாட்டா என்பதே என் அனுபவம்.

முதன்மையான காரணம், பலரும் நினைப்பதுபோல் வெயில் இல்லை, பகலின் நீளம். சென்னையில் டிசம்பர் மாதப் பகல் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம். ஜூனில்கூட 13 மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. அமெரிக்காவின் வட மாநிலங்களில் கோடைப் பகல் 15 மணி நேரத்தையும் தாண்டுகிறது. சூரியகாந்தியின் சில ரகங்கள், முளைத்த முதல் சில வாரங்களில் 12 மணி நேரப் பகலைக் கண்டாலே பூக்க அவசரப்பட்டு, குட்டையாகவே நின்றுவிடும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதை முறையாகச் சோதித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே குளிர்காலக் கொட்டகையில் மட்டும் எழும் இந்தச் சிக்கல் நமக்கு ஆண்டு முழுவதும் உண்டு. சன்ரிச் ஆரஞ்சு இத்தகைய ரகம். அதன் இதழ் நிறத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் என் பாத்தியில் இடுப்பளவுக்கும் கீழே பூத்து, இலைக்கணுக்களிலும் சிறு மொட்டுகளை விட்டு, அவற்றைக் கிள்ளும் வேலையையும் கூட்டியது. பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத புரோகட் ஆரஞ்சு அதே பாத்தியில், அதே நாளில் விதைத்தும், நெஞ்சளவுக்கு ஒற்றைத் தண்டாக எழுந்தது. மகரந்தம் கொட்டாத ரகம் என்பதால் மணமேடையின் வெள்ளைத் துணியையும் கறைப்படுத்துவதில்லை. செடிக்குச் செடி அரை அடி விட்டு நட்டால், பூ உள்ளங்கைக்குள் அடங்கி, பொக்கே கட்ட ஏற்ற அளவில் வருகிறது. இடைவெளியை அதிகரித்தால் பூ பெரிதாகி, வாங்குவோர் முகம் சுளிக்கிறார்கள்.

இதே காரணத்தால், இப்போது எந்த விதைப் பட்டியலைப் பார்த்தாலும், ரகம் எங்கே தேர்வானது என்பதையே முதலில் தேடுகிறேன். பெங்களூருவை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட காமினி, பூர்ணிமா, சஷாங்க் ஆகிய ஆஸ்டர் ரகங்களைப் பலர் உதிரிப்பூவுக்கானவை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் பெங்களூருவும் சென்னையும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருப்பதால் இரண்டிடத்திலும் பகல் நீளம் ஒன்றே. வேறுபடுவது வெப்பம் மட்டும். ஐரோப்பிய ஆஸ்டர்கள் என்னிடம் தரையோடு இலையை விரித்துக்கொண்டு முழங்காலைத் தாண்டாமல் நின்ற பருவத்தில், காமினி மார்கழிப் பனியில் நன்றாகவே கிளைத்து வந்தது. தண்டு நீளம் பெரிய பொக்கேவுக்குப் போதாது. மேசை அலங்காரத்துக்குத் தாராளம்.

ஜினியாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஆசை காட்டி மோசம் செய்வதில் இதற்கு நிகரில்லை. பச்சையும் செம்மஞ்சளும் கலந்த க்வீனி லைம் ஆரஞ்சு 2018-இல், புதிய ரகங்களுக்கு அமெரிக்காவில் தரப்படும் ஏ.ஏ.எஸ். (ஆல்-அமெரிக்கா செலக்சன்ஸ்) விருதைப் பெற்ற ரகம். தை மாதத்தில் என் பாத்தியிலும் அது படத்தில் இருப்பது போலவே பூத்தது. பங்குனி பிறந்ததும் அடுக்கு குறைந்து, ஒற்றை வரிசை இதழோடு நடுக்கொட்டை தெரியத் தொடங்கியது. பெனரிஸ் ஜயன்ட் வரிசை அவ்வளவு நுட்பமான நிறம் கொண்டதில்லை என்றாலும், சித்திரை வரை அடுக்கு கலையாமல் நின்றது. ஜினியாவை அறுக்கும் முன் பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும்: கழுத்து துவண்டால் இன்னும் முற்றவில்லை, விறைப்பாக நின்றால் அறுக்கலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் பறித்த பூவை வைத்து எந்த ரகத்தின் ஆயுளையும் மதிப்பிடக் கூடாது. கூடவே, வெட்டிய ஜினியாவைக் கடுங்குளிர்ப் பெட்டியில் வைக்காமல், நிழலில் தண்ணீரில் நிறுத்துவதே மேல்.

கோழிக்கொண்டையிலும் வாடாமல்லியிலும் எனக்குப் பெரிய ஏமாற்றம் இல்லை. வெயில் ஏற ஏற இரண்டும் தெம்பாகின்றன. வாடாமல்லியின் புதிய ரகங்களில் நிறம் மட்டும் மாறுகிறதே தவிர, உழைப்பு மாறுவதில்லை.

ஜாடி ஆயுளை, அதாவது வெட்டிய பூ ஜாடித் தண்ணீரில் எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பற்றிய எண்களை வெளிநாட்டு அறிக்கைகளிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்வது ஆபத்து. அந்தச் சோதனைகள் வழக்கமாக 20 டிகிரி செல்சியஸ் அறையில் நடப்பவை. தியாகராய நகரில் மின்விசிறி மட்டும் சுற்றும் பூக்கடையில் மே மாதப் பிற்பகல் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் ஒவ்வொரு ரகத்திலும் இரண்டு கட்டுகளை எடுத்து, ஒன்றைக் குளிரூட்டிய அறையிலும் மற்றொன்றைச் சமையலறை மேடையிலும், தினமும் தண்ணீர் மாற்றி வைத்துப் பார்க்கிறேன். இரண்டுக்கும் இடையே பாதிக்குப் பாதி வித்தியாசம் வந்தால் அந்த ரகத்தைத் தை, மாசிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். கடற்கரைப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பும் பூவின் ஆயுளைக் குறைக்கிறது; ரகத்தைக் குறை சொல்லும் முன் தண்ணீரைச் சோதிப்பது நியாயம்.

வாங்குபவர் தரும் மதிப்பெண்ணைக் கடைசியாகக் கேட்பது பலரின் வழக்கம். நான் அதை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வெளிறிய ரோஜா நிறமும் பச்சையும் கலந்த ஜினியாவை, மிகுந்த பெருமையோடு வடபழனியில் உள்ள மேடை அலங்காரக்காரர் ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் ஒரு தண்டை எடுத்து, கைப்பேசியின் விளக்கை அதன் மேல் அடித்துப் பார்த்துவிட்டு, “கலர் நல்லாத்தான் இருக்குண்ணே, ஆனா மஞ்ச லைட்டு போட்டா போட்டோவுல அழுக்காத் தெரியும். கல்யாணத்துக்கு ஆகாது” என்றார். அதே பூவை, பொக்கே மட்டும் கட்டும் ஒரு பெண்மணி கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார். ஆகவே என் படிவத்தில் மேடை, பொக்கே என இரண்டு தனித்தனிக் கட்டங்கள் உண்டு, சராசரி போடுவதில்லை.

காலமும் ஒரு மதிப்பெண்தான். மார்கழியிலும் ஆடியிலும் முகூர்த்தம் இல்லாததால், அந்த மாதங்களில் எவ்வளவு அழகாகப் பூத்தாலும் ஒரு ரகத்துக்கு நான் உயர்ந்த மதிப்பெண் தருவதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இலைப்புள்ளி நோய் ஜினியாவைத் தின்றுவிடுவதால், ஐப்பசி, கார்த்திகையில் சோதனையே வைப்பதில்லை. தை முகூர்த்தத்துக்குப் பூ வேண்டுமானால் கார்த்திகைக் கடைசியில் குழித்தட்டில் நாற்று தயாராக இருக்க வேண்டும். மழை நிற்காமல் போனால் அந்தக் கணக்கும் தள்ளிப்போகும்.

விதையைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டு இணையக் கடையிலிருந்து சிறு உறைகளில் தபாலில் வரவழைப்பது எளிது போலத் தோன்றும். ஆனால் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி, விதைக்கு இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் வேண்டும். பெங்களூரு வணிகர்களிடம் முறையாக வரும் விதை விலை கூடுதலானாலும், அதே தொகுதி விதை அடுத்த ஆண்டும் கிடைக்குமா என்று கேட்டுவிட்டே வாங்குகிறேன். தொடர்ந்து கிடைக்காத ரகம், சோதனையில் எவ்வளவு தேறினாலும், “மறுபடியும் வளர்ப்பீர்களா” என்ற கட்டத்தில் என்னிடம் 2-க்கு மேல் வாங்குவதில்லை.